யார் பக்கத்தில் யார்?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையடுத்து அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. இது சண்டையைத் தடுப்பதற்கு மட்டுமல்ல, படிப்புக்கும் அடிப்படை என்கிறோம் நாம்.

கணக்கு புரியாத பிள்ளை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்கும். அந்த இடத்தைச் சாதி பிடித்துக்கொண்டால் கேள்வியே எழாது. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வரும் பழங்குடிப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஒருமுறை வகுப்பு சிரித்தால் போதும். அப்புறம் அது வாயே திறக்காது. ‘மக்கு’ என்ற பெயரும் வந்துவிடும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோராக நாம் கேட்போம்: எங்கள் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்கிறது? யாரோடு பேசிப் படிக்கிறது?