கைக்குழந்தை செய்த குற்றம் என்ன?

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு 2019 டிசம்பர் 31 அன்று திருவனந்தபுரத்தில் கேரள சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நாட்டில் அவ்வாறு தீர்மானித்த முதல் சட்டமன்றம் அதுவே. அடுத்த மாதமே இடது ஜனநாயக முன்னணி அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. மதத்தைக் குடியுரிமையின் அளவுகோலாக்கி முஸ்லிம்களை விலக்கிய அச்சட்டம், இன்னொரு பகுதியினரையும் வெளியே நிறுத்தியது. அவர்கள் இலங்கைத் தமிழ் அகதிகள்.

1983 இனப்படுகொலையைத் தொடர்ந்து பெற்றோரின் தோளில் பாக் நீரிணையைக் கடந்த கைக்குழந்தைகள் இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டனர். தமிழகப் பள்ளிகளில் பயின்று, இங்கேயே மணமுடித்து, பிள்ளைகளையும் பெற்றுவிட்டனர். ஆயினும் 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிய ஆவணமின்றி நுழைந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவர் குடியுரிமை பெற இயலாது. தாயின் இடுப்பில் வந்த குழந்தைக்கும் விலக்கில்லை.

முகாமிலுள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 1984 இல் தூக்கிவரப்பட்ட அண்ணன் சட்டவிரோதக் குடியேறி. 1986 இல் இங்கே பிறந்த தங்கை பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். 1988 இல் பிறந்த தம்பியோ, பெற்றோர் இருவரும் இந்தியர் அல்லர் என்பதால் அந்நியன். தங்கையின் உரிமையும் எளிதில் கிட்டுவதன்று. அத்தகைய பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

இது அரசால் இயலாத செயலன்று. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழர்கள் இந்தியக் குடியுரிமையுடனேயே வந்தனர். அவர்களுக்கென்றே புனலூரில் ரப்பர் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 2019 இல் மூன்று நாடுகளைச் சேர்ந்த ஆறு மதத்தினரின் ‘சட்டவிரோத’ முத்திரையும் ஒரே திருத்தத்தில் அழிக்கப்பட்டது. அம்மூன்று நாடுகளிலும் இஸ்லாம் அரச மதம் என்பது பாஜக அரசு கூறிய காரணம். பௌத்தத்திற்கு முதன்மை இடமளிக்கும் இலங்கை அரசமைப்பு மட்டும் அதன் கண்ணில் படவில்லை. அகதிகளில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதும் ‘இந்துக்களின் காவலர்’களுக்கு நினைவில்லை போலும். அச்சட்டத்தை அதிமுகவும் ஆதரித்து வாக்களித்ததைத் தமிழகம் மறக்கவில்லை.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தோருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. சிறை அச்சம் குறைந்தது, குடியுரிமை கிட்டவில்லை. முகாம்வாசிகளுக்கு வாக்குரிமை இல்லை; எனவே ஆள்வோருக்கு அவசரமும் இல்லை.

குழந்தைகளாக அழைத்துவரப்பட்டோரையும் இங்கே பிறந்தோரையும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து நீக்கி, விரும்புவோர் அனைவருக்கும் ஒன்றிய அரசு குடியுரிமை வழங்க வேண்டும். தாயகம் திரும்ப விரும்புவோருக்கு அதற்கான உதவியைச் செய்ய வேண்டும்.