கேளாமல் எழுதும் ஒப்பந்தம்

வணிக ஒப்பந்தங்கள் கொழும்பில் எழுதப்படுகின்றன. அவற்றின் பலாபலன் அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்துக் கூடையில் வந்து விழுகிறது. ஆயினும், எழுதுமுன் மலைநாட்டாரை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் இந்நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை.

இந்தியாவுடன் 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தை நோக்குக. ஆண்டுக்கு 150 இலட்சம் கிலோ இலங்கைத் தேயிலைக்குத் தீர்வைச் சலுகை கிடைத்தது. ஏட்டளவில் இது பெருஞ்சலுகையே. ஆனால், தொடக்கத்தில் குறித்த சில துறைமுகங்கள் வழியாகவே அத்தேயிலை நுழையலாம் என்னும் விதி குறுக்கே நின்றது. வாங்கும் நாடோ தானே தேயிலை விளைப்பது. ஒதுக்கிய அளவு நிரம்பவில்லை. இத்தகைய விதிகளின் பாரத்தை முன்கூட்டியே அறியவல்லார் விளைப்போரும் விற்போருமே அல்லரோ?

சிங்கப்பூர் ஒப்பந்தம் 2018 சனவரி 23இல் கைச்சாத்தாகி, மே 1இல் நடைமுறைக்கு வந்தது. தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று தொழில் வல்லுநர் சங்கங்கள் எதிர்த்தன. அதன் பின்னரே ஜனாதிபதி சிறிசேன நிபுணர் குழுவொன்றை நியமித்தார். தாலி கட்டியபின் பொருத்தம் பார்த்த கதை இது! 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்த அரசாங்கம், அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்கியது. நட்டத்தைச் சுமந்தவன் விவசாயி.

பேச்சுவார்த்தைக்கு இரகசியம் வேண்டும் என்பர். பேரத்தின் இறுதித் தொகை இரகசியமாயிருக்கட்டும். எதைக் கேட்கிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது குடிமக்களுக்கு இரகசியமாகலாகாது. “எம் விவசாயிகள் இதனை ஏற்கமாட்டார்கள்” என்று சொல்லக்கூடிய தூதுவனுக்கே பேரத்தில் பலம் உண்டு.

கேளாமற் செய்யும் ஒப்பந்தம் எத்தகையது என்பதை மலைநாட்டுத் தமிழர் நன்கறிவர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரின் சம்மதத்தைக் கேட்டாரில்லை.

ஆகவே, நாம் கோருவன மூன்று. ஒப்பந்த வரைவு கைச்சாத்துக்கு முன் தமிழிலும் வெளிவரல் வேண்டும். அட்டனிலும் நுவரெலியாவிலும், தொழிலாளர் நாட்கூலியை இழவாது வரக்கூடிய நாளில், பகிரங்க விசாரணை நடத்தல் வேண்டும். எழுந்த ஆட்சேபங்கள் ஏற்கப்பட்டனவா, அன்றேல் ஏன் ஏற்கப்படவில்லை என எழுத்தில் விடையிறுத்தல் வேண்டும்.

வழக்கறிஞரும் ஆசிரியரும் கணக்காளரும் அவ்வரைவுகளைப் படித்து விளக்குவாராக. சிற்றுடைமையாளரும் தொழிற்சங்கத்தாரும் தத்தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் இக்கோரிக்கையை எழுத்தில் வைப்பாராக. கொழுந்து கொய்யும் கைகளுக்கு அதன் விலையைப் பற்றிப் பேசவும் உரிமை உண்டு.