குளிர்விக்கும் பூச்சு: எதனோடு ஒப்பிட்டு?

பனி பெய்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். மழைபோல் மேலிருந்து வீழ்வதாயின், முற்றத்துப் புல் நனைந்திருக்கப் பந்தலின்கீழ்ப் புல் உலர்ந்திருப்பதற்கு அதுவே காரணம் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. திறந்த வானை நோக்கிக் கிடக்கும் பொருள், தன் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக விண்ணுக்கு விடுத்துக் காற்றினும் குளிர்கிறது. அக்குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. 1814-இல் வெல்ஸ் என்னும் மருத்துவர் இதனை ஆய்ந்து விளக்கினார். அதற்கு முன்பே, அலகாபாத்தில் சோளத்தட்டை முதலியன பரப்பிய குழிகளில் மண்தட்டுகளை வைத்து, இரவில் நீரைப் பனிக்கட்டியாக்கிய நம் நாட்டு முறையை 1775-இல் இராபர்ட் பார்க்கர் எழுதி வைத்தார்.

இரவில் நிகழும் இதனை நண்பகலில் நிகழ்த்திக் காட்டியது அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். ஆசுவத் இராமன், ஷான்ஹுயி ஃபான் ஆகியோர் 2014-இல் ஏழு அடுக்குகளாலான மெல்லிய படலம் ஒன்றைச் செய்தனர். அது வெயிலில் 97 விழுக்காட்டைத் திருப்பியனுப்பிற்று. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், வளிமண்டலம் வழிவிடும் அந்தச் சாளரத்தின் ஊடே, தன் வெப்பத்தை வெளியேற்றிற்று. நேர் வெயிலிலும் சூழ்காற்றைவிட 4.9 பாகை செல்சியஸ் குளிர்ந்து நின்றது.

அடுத்து அவர்கள் நாடியது சூரிய மின்கலம். ஈண்டுத் தமிழ் ஒரு நுட்பத்தை முன்பே பிரித்து வைத்திருக்கிறது: மின்கலத்துக்கு வேண்டியது வெளிச்சம், வெயிலின் சூடன்று. 25 பாகையில் 400 வாட் தரும் பலகை, கோடையில் 65 பாகைக்குச் சூடேறினால், பாகைக்கு ஏறத்தாழ 0.35 விழுக்காடு என இழந்து 344 வாட்டே தரும். ஆகவே ஒளியை உள்ளே விட்டு, வெப்பத்தை மட்டும் வெளியேற்றும் சிலிக்காப் பூச்சை அவர்கள் அமைத்தனர். 2015-இல் வெளிவந்த முடிவு: வெப்பம் 13 பாகை வரை தணிந்தது. எளிதிற் கிட்டும் வெற்றியன்று அது.

ஆனால் அந்த 13 பாகையைக் கேட்டதும், நம் வீட்டு மாடிப் பலகையும் பூச்சொன்று பூசினால் அவ்வளவு தணியும் என்று எண்ணிவிடுதல் கூடாது. அவர்கள் ஒப்பிட்டது கண்ணாடி மூடாத வெறும் சிலிக்கான் தகட்டோடு. கடையில் வாங்கும் பலகையின் முகத்திலோ கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியின் பெரும்பகுதி சிலிக்காவே; வெப்பத்தை வானுக்கு விடுக்கும் வேலையை அது முன்பே நன்றாகச் செய்து வருகிறது. அதன்மேல் பூச்சு பூசிக் கிட்டும் மிகுதி ஓரிரு பாகை அளவே என்பது பின்வந்த கணக்கீடுகள் காட்டிய உண்மை. மின்சாரத்தில் அது நூற்றுக்கு அரைப்பங்கு அளவு. பூச்சு நூற்றில் ஒரு பங்கு ஒளியை மறித்தாலும் அந்த ஆதாயம் போய்விடும்! கடலோர ஊர்களில் காற்றின் நீராவி அச்சாளரத்தையும் பாதி மூடிவிடுகிறது.

ஆய்வாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் தாம் அளந்ததை அளந்தபடியே எழுதினர். அதைப் பிறர் எடுத்துரைக்கையில், எண் நின்றுவிடுகிறது. எதனோடு ஒப்பிட்ட எண் என்பது உதிர்ந்துவிடுகிறது. குடும்பச் சேமிப்பை எடுத்து மாடியில் பலகை வைப்போருக்கு உதிர்ந்த அப்பகுதியே முதன்மையானது.

வெப்பத்தைப் பிறந்தபின் துரத்துவதினும் நுழையாமல் தடுப்பதே மேல் என்பது என் கருத்து. கதிரவன் தரும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சிலிக்கான் மின்சாரமாக்க இயலாத நீண்ட அலைநீளத்தது. கலத்தைச் சுடுவதன்றி அதனால் பயனில்லை. அப்பங்கைத் திருப்பியனுப்பும் படலங்களை ஆராய்வோர் உள்ளனர். அவர்கள் வழியே பயன்தரும் வழியாக எனக்குப் படுகிறது. அதுவரை, தளத்துக்கும் பலகைக்கும் இடையே காற்றோட இடம் விடுவதற்குச் செலவு சிறிது.

நம் கல்லூரி மாடியில் ஒரே வகைக் கண்ணாடிப் பலகைகள் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றிற்கு மட்டும் பூச்சிட்டு, இரண்டின் முதுகிலும் வெப்பமானி கட்டி, சித்திரை முதல் ஐப்பசி வரை இயற்பியல் மாணவர் நாள்தோறும் குறித்து வரட்டும். அடுத்த மலரில் அந்த அட்டவணையை அச்சிடப் பக்கம் ஒதுக்குமாறு தமிழ்த்துறையை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.