சிலம்பம் வித்தையா, வேடிக்கையா?



மலேசியத் தமிழரிடையே திருமண ஊர்வலமாயினும், கோயில் திருவிழாவாயினும், ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவாயினும், மேளத்துக்கு முன்னே நான்கு பிள்ளைகள் கம்பு சுழற்றிக்கொண்டு வருவது இன்று வழக்கமாகிவிட்டது. பிரமுகர் மோட்டாரிலிருந்து இறங்குகிறார், பிள்ளைகள் சுழற்றுகிறார்கள். பிரமுகர் மாலையோடு மேடை ஏறுகிறார்; பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். பின்னர் ஒருவர் ஒலிபெருக்கியின் முன் நின்று, "ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த நம் வீரக்கலை" என்று முழங்குகிறார். கைதட்டல் எழுகிறது. பிறகு கம்புகளைக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீதிகளிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் இக்காட்சியைக் காணாதவர் நம்மில் சிலரே.

இதைக் குறித்து நாம் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளைகளை எதிர்த்து ஒருவன் மெய்யாகவே ஓர் அடி வீசினால், அதைத் தடுத்துத் திருப்பி அடிக்க அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? ஆம் எனில் சிலம்பம் வித்தை. இல்லை எனில் அது பிரமுகரை வரவேற்கும் வேடிக்கை. அதற்கு வீரம் என்ற பெயர் பொருந்தாது.

இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் இரண்டு கட்சியார் நம்மீது பாய்கின்றனர். முதற் கட்சியார் பழம்பெருமைக்காரர். உலகத்துச் சண்டைக் கலைகள் யாவும் சிலம்பத்தின் வயிற்றில் பிறந்தவை, ஆதலால் அதற்கு எந்தப் பரீட்சையும் வேண்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். இரண்டாம் கட்சியார் நகரத்தில் நாகரிகம் கற்ற பெற்றோர். கம்பு சுற்றுவது தோட்டக்காட்டு விளையாட்டு. பிள்ளையை டேக்வாண்டோவுக்கோ கராத்தேக்கோ அனுப்பினால் வெள்ளைச் சட்டையும், வண்ணக் கச்சையும், ஒரு சான்றிதழுமாவது கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று பகைப்பனபோலத் தோன்றினும், விளைவு ஒன்றே. இரண்டிலும் சிலம்பம் களத்துக்கு வருவதில்லை.

முதற் கட்சியாரின் ஆதாரங்களைச் சற்று ஆராய்வோம். அகத்தியர் அருளினார் என்கிறார்கள். முனிவர் அருளியது என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா? அடுத்து, காஞ்சிபுரத்து இளவரசராகிய போதிதருமர் சீனத்துக்குச் சென்று ஷாவோலின் மடத்தில் நம் கலையைக் கற்பித்தார் என்கிறார்கள். 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்னும் சினிமாவுக்குப் பின்னர் இது நம் வாலிபரிடையே வேதவாக்காகிவிட்டது. உண்மை யாது? போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனக் குறிப்பு, 547ஆம் ஆண்டளவில் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதப்பட்ட நூலில் இருக்கிறது. அதில் அவர் மேற்றிசை நாட்டிலிருந்து வந்த துறவியாகவே காணப்படுகிறார். தென்னிந்திய அரசகுமாரர் என்று சொல்லும் வேறொரு பழங்குறிப்பும் உண்டு. இரண்டிலும் சண்டைப் பயிற்சி என்ற பேச்சே இல்லை. அவர் உடற்பயிற்சி முறையை அருளினார் என்ற கதை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், 1624ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு நூலின் பொய் முன்னுரையிலிருந்து கிளம்பியது. இதை வெளிப்படுத்தியவரும் தமிழரைப் பகைத்த எவருமல்லர். தாங் ஹாவ் என்னும் சீன ஆராய்ச்சியாளரே தம் நாட்டார் நம்பி வந்த கட்டுக்கதையைத் தாமே உடைத்தெறிந்தார். அவர் உடைத்ததை நாம் பொறுக்கியெடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறோம். என்னே பரிதாபம்!

இனி, தூய தமிழ்க் கலை, பிறர் கை படாதது என்னும் பேச்சு. ஆட்டக்காரன் களத்தில் இறங்கியதும் முதலில் செய்வதற்குப் பெயர் சலாம் வரிசை. சலாம் எந்த மொழிச் சொல் என்பதை யாவரும் அறிவர். ஆசான்மார் எண்ணிச் சொல்லும் முறைகளின் பெயர்களைப் பாருங்கள்: துளுக்காணம், கர்நாடகம், குறவஞ்சி, பனையேறி மல்லு. இப்பெயர்களில் முஸ்லிம் இருக்கிறான், கர்நாடகத்தான் இருக்கிறான், குறவன் இருக்கிறான், பனையேறி இருக்கிறான். முனிவரைத்தான் காணோம்! உழைக்கும் மக்களும் அயலாரும் கலந்து வளர்த்த கலை இது என்பதற்கு அதன் சொற்களே சாட்சி. இது இழிவா? நம் கருத்தில் இதைவிடப் பெரிய பெருமை அதற்கு வேறில்லை. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டு, பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வாளும் வேலும் போயின. மாடு மேய்ப்பவன் கையிலிருந்த கோலை எந்தச் சர்க்காராலும் பறிக்க முடியவில்லை. ஏழையின் ஆயுதமாக இருந்ததாலேயே கம்பு பிழைத்தது.

நிற்க, இரண்டாம் கட்சியாருக்கு வருவோம். கம்பாட்டம் நாட்டுப்புறத்து விளையாட்டு என்பவர், அதன் பயிற்சியை ஒரு நாளேனும் நின்று பார்த்ததில்லை என்பது திண்ணம். ஆடுபவனின் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. மூங்கிலாகவோ பிரம்பாகவோ இருக்கலாம். கையில் அதைக் கொடுப்பதற்கு முன்னரே காலடி கற்பிக்கப்படுகிறது. எந்தக் கால் முன், எந்தக் கால் பின், எப்போது திரும்புவது, எப்போது அமர்வது என்பது உடம்பில் ஊறிய பின்னரே வீச்சு. வீச்சுக்குப் பின் அடி, குத்து, தடுப்பு. வெறுங்கையால் பொருதுவதற்குக் குத்துவரிசை தனியே உண்டு. கம்பைச் சுழற்றுவது ஒரு மாதத்தில் வந்துவிடும். கால் தவறாமல் சுழற்ற ஆண்டுகள் செல்லும். இதனைக் குரங்காட்டி வித்தைபோல் எண்ணுவது அறியாமை.

ஆனால், எந்தக் கலை உயர்ந்தது என்ற வழக்கில் நாம் எக்கட்சிக்கும் வக்கீலாக மாட்டோம். அது தவறான கேள்வி. ஒவ்வொரு கலைக்கும் ஓர் எல்லையுண்டு. கம்புக்காரன் எதிரியை ஐந்தாறு அடி தூரத்தில் நிறுத்தி வைத்திருக்கும்வரை அவனே அரசன். டேக்வாண்டோ கற்றவனுக்குக் கால் எட்டும் தூரம் வேண்டும். குத்துச்சண்டைக்காரனுக்குக் கை எட்டும் தூரம் வேண்டும். ஜூடோ கற்றவன் சட்டையைப் பற்றிவிட்டால் கம்பு வெறும் சுமை. தூரத்தை விட்டுக்கொடுத்த கணத்தில் கம்புக்காரன் தோற்றான். இந்த உண்மையை ஒரு மாணவன் உணர வேண்டுமானால், அவன் எதிராளியோடு மோதிப் பார்க்க வேண்டும். காற்றை ஆயிரம் முறை அடித்தாலும் காற்று திருப்பி அடிப்பதில்லை.

மோதுவதற்குக் கவசம் வேண்டும். இங்கே சில பழைய ஆசான்மார் முகஞ்சுளிக்கின்றனர். தலைக்கவசமும் மார்புக்கவசமும் கோழையின் அணிகலன்களாம்! ஜப்பானியரைப் பாருங்கள். அவர்களும் ஒரு காலத்தில் கனமான மரவாளை வைத்துக்கொண்டு, அடி மேலே படாமல் நிறுத்தி நிறுத்தியே பழகினர். முழு வேகத்தில் அடித்தால் எலும்பு முறியும் என்ற அச்சமே காரணம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகனுமா என்னும் வாளாசிரியர் தம் பள்ளியில் மூங்கில் வாளையும், முகத்துக்கும் கைக்கும் கவசத்தையும் திருத்தியமைத்தார். அதன் பிறகே மாணவன் முழு வலிமையோடு மெய்யாக அடிக்கக் கற்றான். இன்றைய கெண்டோ அவ்வழியில் வந்தது. கவசம் அச்சத்தை வளர்க்கவில்லை, பொய்யை ஒழித்தது. கவசமின்றிப் பழகுகிறோம் என்று மார்தட்டுபவர், ஒன்று மாணவனைக் காயப்படுத்துகிறார். அல்லது அடிப்பதாக நடித்துக் காலங் கழிக்கிறார். நம் நாட்டில் கவசம் அணிந்து மோதும் போட்டிகளை நடத்தும் சிலம்பச் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். அவர்களைப் பார்த்து, "கலையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்பவர்களையே கண்டிக்கிறோம்.

கவசத்தைவிடக் கடினமான தடை மற்றொன்று உண்டு. அது இரகசியம். கடைசி அடியைக் கடைசிவரை மறைத்து வைத்து, ஆசான் அதனோடு சுடுகாடு சேர்வது நம்மவர்க்குள் ஒரு பெருமையாகப் பேசப்படுகிறது. இன்னாருடைய மாணவன் இன்னார் களத்தில் கால் வைக்கக்கூடாது. இந்தச் சாதிக்கு இவ்வளவு, அந்தச் சாதிக்கு அவ்வளவு. பெண்ணுக்கோ அலங்கார வீச்சு மட்டும்! இவ்வாறு பூட்டி வைத்த வித்தை எத்தனை ஆசான்மாரோடு மண்ணாகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டவர் எவருமில்லை.

அயலார் என்ன செய்தனர்? ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் தம் பள்ளியைத் திறந்தபோது, பல பழைய மல்வித்தைகளிலிருந்து நல்லனவற்றைத் தெரிந்தெடுத்தார், ஆபத்தானவற்றை நீக்கினார், மாணவர் எதிர்ப்போடு மோதிப் பழகுவதையே பயிற்சியின் உயிராக வைத்தார், 1926இல் பெண்களுக்கென ஒரு பிரிவையும் ஏற்படுத்தினார். அதுவே 1964இல் ஒலிம்பிக் களம் ஏறிய ஜூடோ. அவ்வளவு தூரம் போவானேன்? கோலாலம்பூரிலே பெட்டாலிங் வீதிக்கு அருகே மேட்டின்மேல் 1953 முதல் நிற்கும் சின் வூ அரங்கத்தைக் காணுங்கள். 1910இல் ஷாங்காயில் தொடங்கிய இயக்கத்தின் கிளை அது. ஒரு குரு, ஒரு குலம், ஒரு இரகசியம் என்று பிரிந்து கிடந்த சீன வித்தைகளை அவ்வியக்கம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது; புத்தகமாக அச்சிட்டது; பெண்களுக்கும் கற்பித்தது. நம் மலாய்ச் சகோதரரின் சீலாட் கலையிலும் எண்ணற்ற பிரிவுகள் உண்டு. எனினும் 1980இல் நான்கு நாட்டார் கூடி ஓர் அனைத்துலக அமைப்பைக் கண்டனர். 1987இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அது இடம்பெற்றது. 2019இல் மலேசியாவின் சீலாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் முதலில் விதியில் உடன்பட்டார்கள். பெருமை பின்னால் வந்தது. நாம் பெருமையை முதலில் எடுத்துக்கொண்டோம். விதியில் இன்னும் சண்டையிடுகிறோம்.

தமிழ்நாட்டிலும் காற்று மாறியிருக்கிறது. 2021இல் அங்குள்ள அரசாங்கம் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. காட்சியிலிருந்து போட்டிக்குச் செல்ல வேண்டுமானால், விதியும் அளவும் நடுவரும் வேண்டும். அகத்தியர் வந்து நடுவராக நிற்கமாட்டார்.

இதெல்லாம் விளையாட்டுச் செய்திதானே, இதற்கேன் இத்தனை ஆத்திரம் என்று சிலர் கேட்கலாம். கூறுகிறோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று யாது தெரியுமா? துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. கூலியோடு சேர்த்து, நிமிர்ந்து செல்லும் உரிமையைக் கேட்டார்கள். அதற்காக ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடுகடத்தப்பட்டார், துருப்புகள் சுட்டன, தொழிலாளர் மாண்டனர். 1943இல் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர். அவர்களுடைய பேத்திகளுக்கு அலங்கார வீச்சு போதும் என்று சொல்ல எவருக்கு வாய் வருகிறது? போருக்குப் பின்னர் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை இளைஞரைப் பயிற்றி, கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. குனிந்த முதுகை நிமிர்த்துவதே இவை யாவற்றின் நோக்கம். சிலம்பத்தின் நோக்கமும் அதுவாகத்தான் இருக்க முடியும்.

இன்று அந்தத் தோட்டங்கள் எங்கே? பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில் 1998இன் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் பெரிய அரங்கம் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேக்காரர் குடியிருந்த வீடுகளும் இடிபட்டன. லயத்து முற்றத்தில் மாலை வேளைகளில் கம்பு பழகிய பிள்ளையின் பேரன், இன்று அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தேடிக் குண்டர் கும்பல் வருகிறது, ஆசான் வருவதில்லை. வித்தை ஒன்றே எவனையும் நல்லவனாக்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும் அடி வாங்கியும், அடியை அடக்கியும் பழகியவனுக்குத் தன் வலிமையின் அளவு தெரியும். அளவு தெரியாதவனே பாராங் கத்தியைத் தூக்குகிறான்.

ஆகவே, தோழர்களே, வேண்டுவன இவையே. ஆசான்மார் தாம் அறிந்ததை மறைவின்றி எழுதி அச்சிடட்டும். தமிழ்ப்பள்ளிகளின் மண்டபங்கள் வாரத்தில் இரண்டு மாலையேனும் களமாகத் திறக்கப்படட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், எச்சாதிக்கும், கற்க விரும்பும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் ஒரே பாடம் நடக்கட்டும். ஏழைப் பிள்ளைக்குக் கவசத்தைச் சங்கமே வாங்கித் தரட்டும். ஒரு பிரமுகருக்குப் போடும் பொன்னாடைகளின் செலவு அதற்குப் போதும். அதுவரை எந்தப் பிள்ளையும் பிரமுகரின் மோட்டாருக்கு முன்னால் கம்பு சுழற்ற அனுப்பப்படாதிருக்கட்டும். வீரக்கலையைப் பார்க்க வேண்டுமென்று அவர் மெய்யாகவே விரும்பினால், பயிற்சி நடக்கும் மாலையில் களத்துக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும்.