கூழையில் நின்றவர்

பண்டைத் தமிழர் படையின் முன்னணியைத் தூசி என்றும், பின்னணியைக் கூழை என்றும் வழங்கினர். தூசி என்றால் நம் மாணாக்கருக்கு ஒருவாறு விளங்கும். கூழை என்றாலோ அகராதியைப் புரட்டுவர்!

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலும் கூழை காப்பவன் ஒருவன் உளன். முதலிற் பந்தெறிந்தவன் களைத்தபின் களம்புகுந்து, தன் அணி பெற்ற சிறு முன்னிலையை இறுதிவரை காப்பது அவன் தொழில். அங்ஙனம் காத்தலைச் 'சேவ்' என 1969 முதல் முறைப்படி கணக்கிடுகின்றனர். ஒன்பது இனிங்ஸில் ஒன்றே எறிபவனுக்கு இத்துணைப் புகழ் எற்றுக்கு என்பாரும் உளர். யான் அதனை ஒப்பேன்.

பனாமா நாட்டு மீனவக் கிராமமொன்றில் வளர்ந்து, தந்தையின் படகிலே தொழில் செய்தவர் மரியானோ ரிவேரா. 1995 இல் நியூயோர்க் யாங்கீஸ் அணியிற் புகுந்த அவர், 2013 இல் ஓய்வுபெறும்போது 652 ஆட்டங்களைக் காத்திருந்தார். எறிந்தது பெரும்பாலும் 'கட்டர்' என்னும் ஒருவகைப் பந்தே. நேரே வருவதுபோல் வந்து கடைசிக் கணத்திற் சற்றே திரும்பும், துடுப்புகள் முறியும். வருவது யாதென முன்னரே அறிந்தவரும் அதனை அடிக்க இடர்ப்பட்டனர்.

ஆயினும் அவரை யான் பெரியவரெனக் கொள்வது அவ்வெண்ணிக்கை பற்றியன்று. 2001 நவம்பர் 4 ஆம் நாள், உலகத் தொடரின் ஏழாவதும் இறுதியுமான ஆட்டம். யாங்கீஸ் 2-1 என முன்னின்றது. ஒன்பதாம் இனிங்ஸில் ரிவேராவே இரண்டாம் தளத்துக்குப் பந்தைப் பிழைபட எறிந்தார். எதிரணி சமநிலை எய்தியது. பின்னர் லூயிஸ் கொன்சாலஸ் அடித்த பந்து, உள்ளே நெருங்கி நின்ற காப்பாளரின் தலையைச் சற்றே தாண்டி விழ, அரிசோனா வென்றது. தொடங்குபவன் தவறினால் திருத்தப் பொழுதுண்டு. முடிப்பவன் தவறினால் அவனுக்குப் பின்னே எவருமிலர்.

வென்றிருப்பின் நியூயோர்க்கில் வெற்றி ஊர்வலம் நிகழ்ந்திருக்கும். அணித்தோழர் என்ரிகே வில்சனும் அதற்கெனத் தங்கி, நவம்பர் 12 இல் டொமினிக்கன் குடியரசுக்குப் புறப்பட்ட விமானத்தில் ஏறியிருப்பார். ஊர்வலம் இன்மையால் அவர் முன்னரே ஊர் சென்றுவிட்டார். அவ்விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 260 பேரும் மாண்டனர். தோற்றதும் நன்றே, நண்பன் எஞ்சினான் என்னும் கருத்துப்பட ரிவேரா பின்னர்ப் பேசினார். தோற்றவனின் தேறுதல் மொழியென இதனை நகைப்போர் நகைக்கட்டும். எனக்கு நகை வரவில்லை.

2019 இல் புகழ்மண்டபத்துக்கு 425 வாக்குகளுள் 425 உம் பெற்று, ஒருமனதாகத் தெரிவான முதல்வரானார். வாக்களித்தோர் சேவ்களை எண்ணியிருப்பர். யான் எண்ணுவது, அத்தோல்விக்குப் பின்னும் பன்னிரண்டு பருவங்கள் அதே இறுதி இனிங்ஸில், அதே பந்துடன் அவர் களம்புகுந்தமையையே.