கரையில் அமர்ந்த பிள்ளை

சீகாழி பிரம்ம தீர்த்தத்துக்கு நீராடப் புறப்பட்ட சிவபாத இருதயரை, மூன்று வயதுத் திருமகனார் அழுதபடியே பின்தொடர்ந்தார். அவரைக் கரையில் அமர்த்திய தந்தையார், மந்திரம் செபிக்க நீருள் மூழ்கினார். தந்தையைக் காணாத பிள்ளையார் தோணிபுரச் சிகரத்தை நோக்கி அழ, உமையம்மை ஞானப்பால் ஊட்டியருளினார். பெரியபுராணம் கூறும் இவ்வரலாறு, ஆண்டுதோறும் சித்திரையில் அங்கே திருமுலைப்பால் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

சம்பந்தப் பெருமான் இருந்தது கரையில்; ஆதலின் அழ முடிந்தது. நீரில் தவறிய குழந்தையால் அழ இயலாது. வாய்க்குள் நீர் புக, ஓசையின்றி மூழ்கிவிடும். மேல்படியில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை.

பேரனைத் திருக்குளத்துக்கு ஆயாவுடன் அனுப்பும் வீடுகள் உண்டு. அவருக்கு நீந்தத் தெரியுமா என எவரும் வினவுவதில்லை. தீங்கு நேர்ந்தால் பழி மட்டும் அவர்மேல் விழுகிறது. நீந்தத் தெரியாதவரெனில், கீழ்ப்படிக்கு இறங்காமல் செம்பில் மொண்ட தீர்த்தத்தைக் குழந்தையின் தலையில் தெளித்தால் போதும். சிறுவருக்குப் புரோட்சணமும் நீராடலே. இறங்குவதாயின், பாசி படிந்த படியில் பிடித்த கையை விடலாகாது. தாம் மூழ்க விரும்பும் பெரியவர், குழந்தையை இன்னொருவர் கையில் ஒப்படைத்த பின்னரே மூழ்க வேண்டும்.

மூச்சற்ற குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் வழக்கம் காலத்தை வீணாக்குவதே. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்த வேண்டும். உடனிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை கண் திறந்து அழுதாலும், மருத்துவரிடம் காட்டிய பின்னரே வீடு திரும்ப வேண்டும்.