ஓட்டத்தின் மேல் பழி போடலாமா?

சென்ற டிசம்பரில் முதன்முறையாக 42.195 கிலோமீட்டர் நெட்டோட்டத்தை ஓடி முடித்தேன். மூன்றாம் நாள் தொண்டைவலி, சளி, காய்ச்சல். “ஓடி ஓடி உடம்பைக் கெடுத்துக்கொண்டாயே!” என்றார் அம்மா. நானும் நம்பினேன். காலணி அலமாரிக்குள் போனது.

அம்மாவின் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நெட்டோட்டத்தில் ஓடியவர்களுள் 12.9 விழுக்காட்டினர், அடுத்த வாரத்தில் நோய்த்தொற்று கண்டதாகக் கூறினர். பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களுள் அது 2.2 விழுக்காடுதான். ஆனால், இவை ஓட்டக்காரர்கள் தாமே சொன்னவை. பரிசோதனையில் உறுதி செய்யப்பட்டவை அல்ல.

கடும் ஓட்டத்துக்குப் பின் சில மணி நேரம் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைவது உண்மையே. அவை அழிவதில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவல் காக்கச் செல்கின்றன என்று 2018இல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதிட்டனர்.

தேர்வு முடிந்த கையோடு, ஒரு வாரத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, நெருக்கியடித்த கூட்டத்தில் நின்றவன் நான். இவற்றையெல்லாம் மறந்து ஓட்டத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது நியாயமா?

நண்பர்களே, ஓடுங்கள். தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், நன்றாகத் தூங்குங்கள், காய்ச்சலோடு மட்டும் ஓடாதீர்கள். என் காலணி மீண்டும் வாசலுக்கு வந்துவிட்டது!